கரடிகள் உரசும் மரங்களையும் அவற்றின் மோப்பத் தடங்களையும் காக்க வேண்டிக் கோரிக்கை மனு

பெறுநர்
உயர்திரு செயலாளர் அவர்கள்,
வனத்துறை.

பொருள்: காட்டின் ஊடே சாலை அமைக்கவும் மரம் வெட்டவும் இசைவு வழங்கும் முன், கரடிகள் உரசி அடையாளமிடும் மரங்களையும் தடங்களையும் கணக்கெடுத்துக் காக்க ஆணையிட வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். காட்டில் ஒரு சாலை வரும்போது எத்தனை மரங்கள் வீழும், எத்தனை எக்டேர் நிலம் போகும் என்ற கணக்கு தங்கள் பார்வைக்கு வந்துவிடுகிறது. அம்மரங்களில் கரடிகள் ஆண்டாண்டுகளாக உரசி வருபவை எவை என்ற கேள்வி மட்டும் பெரும்பாலும் எழுப்பப்படுவதே இல்லை. அந்தக் கேள்வியை இசைவு நடைமுறையின் ஒரு பகுதியாக்க வேண்டும் என்பதே இம்மனுவின் நோக்கம்.

கரடி பெரும்பாலும் தனித்து வாழும் விலங்கு. பரந்த நிலப்பரப்பில் தனியே அலையும் ஓர் ஆணும் பெண்ணும் ஒன்றையொன்று கண்டுகொள்வதும், குட்டிகளுடன் இருக்கும் தாய் அவற்றைக் கொல்லக்கூடிய ஆண் கரடியின் வழியிலிருந்து விலகிக்கொள்வதும் பெரிதும் மோப்பத்தை நம்பியே நடக்கின்றன. பழுப்புக் கரடி பின்னங்கால்களில் நிமிர்ந்து நின்று, முதுகையும் கழுத்தையும் மரத்தில் தேய்த்துத் தன் வாசனையை விட்டுச் செல்கிறது. இனச்சேர்க்கைக் காலத்தில் ஆண் கரடியின் முதுகுத் தோலிலுள்ள எண்ணெய்ச் சுரப்பிகள் பெரிதாவதை ஆய்வாளர்கள் கண்டறிந்துள்ளனர். அதன் பாதங்களிலும் வாசனைச் சுரப்பிகள் இருப்பது 2017இல் வெளியான ஆய்வால் உறுதியானது. மரத்தை நெருங்கும்போது அது காலை மண்ணில் அழுத்தித் திருகி நடப்பது இதனால்தான். ராட்சத பாண்டாவோ தலைகீழாக நின்றுகூட மரத்தில் உயரமான இடத்தில் அடையாளமிடுகிறது. பெண் பாண்டா ஆண்டுக்கு ஓரிரு நாள், மிஞ்சினால் மூன்று நாள் மட்டுமே கருத்தரிக்கும் நிலையில் இருப்பதால், அந்தச் செய்தி உரிய நேரத்தில் போய்ச் சேராவிட்டால் அந்த ஆண்டே வீணாகிவிடுகிறது.

மரமே இல்லாத கடற்பனியில் துருவக் கரடி தன் பாத வாசனையைப் பனியிலேயே பதித்துச் செல்கிறது. பனிப்பரப்பு உடைந்து சிதறினால் அந்தத் தடமும் அறுபடும் என்று ஆய்வாளர்கள் அஞ்சுகின்றனர். காட்டை அகன்ற சாலை பிளக்கும்போதும் இதே இழப்பு நேர்கிறது என்பது என் கருத்து. ஒன்றுக்கு ஈடாகப் பத்துக் கன்றுகள் நட்டாலும், பல கரடிகள் வந்து முகர்ந்து பழகிய ஒரு மரத்தின் இடத்தை அவை நிரப்பிவிடா.

இந்த இழப்பு கரடியை மற்ற பல விலங்குகளைவிடக் கடுமையாகத் தாக்குவதற்குக் காரணம் அதன் உடலியல். பல கரடி இனங்களில் கருவுற்ற முட்டை உடனே கருப்பையில் பதிவதில்லை. மாதக்கணக்கில் வளர்ச்சி நின்று காத்திருக்கிறது. அதற்குள் தாயின் உடலில் போதிய கொழுப்பு சேராவிட்டால் அக்கரு பெரும்பாலும் நிலைப்பதில்லை. குளிர்நாட்டுக் கரடிகள் மாதக்கணக்கில் உண்ணாமலும் நீர் அருந்தாமலும் குகையில் கிடப்பவை. அமெரிக்கக் கருங்கரடியின் வளர்சிதை மாற்றம் அப்போது வழக்கமான அளவில் கால் பங்காகக் குறைவது 2011இல் வெளியான அலாஸ்கா ஆய்வில் தெரியவந்தது. அந்த உறக்கத்திற்கு முந்தைய வாரங்களில் ஒரு கரடி நாளொன்றுக்கு 20,000 கலோரி வரை தேடி உண்ணும். காட்டில் அது கிடைக்காதபோது மனிதர் கொட்டும் குப்பை அதை ஈர்க்கிறது. பிறகு நாம் அதைத் தொல்லை தரும் விலங்கு என்று அழைக்கிறோம். தேன்கரடி போன்ற வெப்பநாட்டு இனங்கள் இவ்வாறு நீண்ட உறக்கம் கொள்வதில்லை ஆதலால், அவற்றின் தடங்களுக்கு ஓய்வுக் காலமே கிடையாது. உலகின் 8 கரடி இனங்களில் 6 இனங்கள் அழியும் ஆபத்துக்குள்ளானவை என வகைப்படுத்தப்பட்டுள்ள நிலையில், இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையே குட்டி ஈனும் இவ்விலங்கால் இழப்பை விரைவில் ஈடுசெய்ய இயலாது.

தீர்வு இல்லாமல் இல்லை. கனடாவின் பான்ஃப் தேசியப் பூங்காவில் நெடுஞ்சாலைக்கு வேலியிட்டு, விலங்குகள் கடக்க மேம்பாலங்களும் சுரங்கவழிகளும் அமைத்ததன் பயனாக, இருபுறக் கரடிகளும் கடந்து சென்று இனம் பெருக்குவது 2014இல் வெளியான மரபணு ஆய்வால் உறுதியாயிற்று. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தின் வடமேற்குப் பகுதியில் 2004இல், உரசும் மரங்களில் ஒட்டிய முடியையும் வாசனையால் ஈர்த்து முடியை மட்டும் பற்றும் முள்கம்பிகளில் கிடைத்த முடியையும் மரபணுச் சோதனை செய்து, சுமார் 765 பழுப்புக் கரடிகள் இருப்பதாக மதிப்பிட்டனர். ஒரு கரடியைக்கூடப் பிடிக்காமல், மயக்க ஊசி போடாமல் எடுத்த கணக்கு இது. ஆகவே இம்மரங்களைக் காப்பது தங்கள் துறையின் கணக்கெடுப்புப் பணிக்கும் நேரடியாகப் பயன்படும்.

எனவே, இசைவு வழங்கும் முன் வனக் களப்பணியாளர்களையும் காட்டை அறிந்த பழங்குடி மக்களையும் கொண்டு உரசும் மரங்களை வரைபடத்தில் குறிக்கவும், அவற்றையும் சுற்றியுள்ள மரங்களையும் வெட்டுதலிலிருந்து விலக்கவும், விலங்குகள் கடக்கும் வழிகளைப் பொறியாளரின் வசதிக்கேற்ப அல்லாமல் இத்தடங்கள் சாலையைச் சந்திக்கும் இடங்களிலேயே அமைக்கவும் ஆணையிட வேண்டுகிறேன். குட்டி ஈனும் காலத்தில் குகைகளின் அருகே வெடி வைப்பதும் இயந்திரம் இயக்குவதும் தடை செய்யப்பட வேண்டும். காட்டோரக் குடியிருப்புகளில் கரடி திறக்க முடியாத குப்பைத் தொட்டிகள் வைக்க உள்ளாட்சி அமைப்புகளுக்குத் தாங்கள் எழுத வேண்டும். இவற்றுள் முதன்மையானது கணக்கெடுப்பே. வெட்டிய பின் எந்த மரம் எதற்குப் பயன்பட்டது என்று அறிய வழியில்லை என்பதால், தற்போது பரிசீலனையில் உள்ள திட்டங்களுக்கும் இதைப் பொருந்தச் செய்து, எடுக்கப்படும் நடவடிக்கையை எழுத்து மூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வன உயிரின ஆர்வலர் ஒருவர்