செவ்வாய்க்கிழமை ராத்திரி மேட்ச் வைக்கிறவங்களுக்கு சென்னையிலேருந்து ஒரு திறந்த மடல்

அகில இந்திய கால்பந்து சம்மேளனத்துல மேட்ச் தேதி, ஊரு, நேரம் முடிவு பண்ற எல்லாருக்கும் வணக்கம்.

நேரா விஷயத்துக்கு வந்துடறேன். 2023 நவம்பர்லேருந்து 2025 நவம்பர் வரைக்கும் நம்ம ஆண்கள் டீம் ஆடின உலகக்கோப்பை தகுதிச்சுற்று, ஆசியக்கோப்பை தகுதிச்சுற்று மேட்ச் எல்லாத்தையும் காலண்டர பக்கத்துல வச்சுக்கிட்டு பாத்தேன். மொத்தம் பதினொரு மேட்ச். குவைத்ல வியாழன், புவனேஸ்வர்ல செவ்வாய், சவுதி அரேபியாவோட அபால வியாழன், கவுகாத்தில செவ்வாய், சுனில் சேத்ரிக்கு நாம வழியனுப்பு விழா நடத்தின கொல்கத்தா மேட்ச் வியாழன், தோஹா செவ்வாய், ஷில்லாங் செவ்வாய், ஹாங்காங் செவ்வாய், சிங்கப்பூர் வியாழன், கோவா செவ்வாய், டாக்கா செவ்வாய். ரெண்டு வருஷத்துல ஒரே ஒரு சனிக்கிழமை இல்ல, ஒரு ஞாயிறு இல்ல, வெள்ளிக்கிழமை கூட இல்ல.

இது ஏன் இப்படின்னு எனக்கு தெரியும், தெரியாம பேச வரல. ஃபிஃபா விண்டோ, அதாவது நாட்டு டீமுக்கு ஆட கிளப்புங்க பிளேயர விட வேண்டிய நாட்கள், திங்கள்ல ஆரம்பிச்சு அடுத்த வாரம் செவ்வாய்ல முடியுது, ஒன்பது நாள், அதுக்குள்ள ரெண்டு மேட்ச். பிளேயர் ஞாயித்துக்கிழமை கிளப்புக்கு ஆடிட்டு வந்து சேரணும், ஒண்ணு ரெண்டு நாள் பயிற்சி எடுக்கணும், வியாழன் ஆடணும், அப்புறம் இன்னொரு நாட்டுக்கு ஃபிளைட் ஏறி செவ்வாய் ஆடணும், புதன் கிளப்புக்கு திரும்பணும். ஆசிய கால்பந்து சம்மேளனம் (ஏஎஃப்சி) எல்லா நாட்டுக்கும் ஒரே தேதி குடுத்துடுது. இதுல நீங்க தனியா ஒண்ணும் பண்ண முடியாதுன்னு சொன்னா அதையும் ஒத்துக்கறேன், பிளேயர் உடம்புக்கு ஓய்வு வேணும், அதுல எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது.

ஆனா நீங்களே தேதி முடிவு பண்ற மேட்ச் இருக்கே, அங்க என்ன நடந்துச்சு? 2024 செப்டம்பர்ல ஐதராபாத்ல இன்டர்கான்டினென்டல் கப் வச்சீங்க. உங்க போட்டி, நம்ம மண்ணு, மூணே டீம். இந்தியா மொரீஷியஸ் மேட்ச் 3ம் தேதி செவ்வாய். சிரியா மொரீஷியஸ் 6ம் தேதி வெள்ளி. இந்தியா சிரியா 9ம் தேதி திங்கள். நடுவுல 7, 8 சனி ஞாயிறு சும்மா கிடந்துச்சு! அந்த சனிக்கிழமை விநாயகர் சதுர்த்தி, ஐதராபாத்ல போலீஸ் எல்லாம் அதுக்குத்தான் போவாங்கன்னு எனக்கும் புரியுது, அப்படின்னா போட்டிய வேற ஊருல வச்சிருக்கலாம், இல்ல ஞாயித்துக்கிழமை வச்சிருக்கலாம். ரெண்டு மாசம் கழிச்சு அதே ஐதராபாத்ல மலேசியாவோட நட்பு மேட்ச், நவம்பர் 18, திங்கட்கிழமை. 2025 மார்ச்ல சேத்ரி திரும்பி வந்து மாலத்தீவுக்கு எதிரா ஆடின நட்பு மேட்ச் ஷில்லாங்ல, புதன்கிழமை.

மலேசியா மேட்ச எடுத்துக்கோங்க, சென்னைக்காரனுக்கு கணக்கு எப்படி வருதுன்னு சொல்றேன். ஐதராபாத் எங்களுக்கு ரொம்ப தூரம் இல்ல, ராத்திரி ட்ரெயின்ல ஏறினா காலைல இறங்கிடலாம். ஞாயிறு சாயங்காலம் ஏறினா திங்கள் காலைல ஐதராபாத். மேட்ச் ஏழரைக்கு, முடியறப்போ ஒன்பதரை. சென்னைக்கு வர்ற சார்மினார் எக்ஸ்பிரஸ் சாயங்காலமே கிளம்பி போயிருக்கும். ஸ்டேடியம் இருக்குற கச்சிபவுலிலேருந்து ஓடிப்போய் கடைசி பஸ்ஸ பிடிச்சா செவ்வாய் மதியம் சென்னை, அதுவும் கிடைக்கலன்னா செவ்வாய் சாயங்காலம் ட்ரெயின் ஏறி புதன் காலைல வந்து இறங்கணும். ஆக ஒரு தொண்ணூறு நிமிஷ மேட்ச்சுக்கு ரெண்டு நாள் லீவு, சில பேருக்கு ரெண்டரை நாள். அதே மேட்ச் சனிக்கிழமை இருந்திருந்தா வெள்ளி சாயங்காலம் வேலை முடிச்சு ஏறி, சனி மேட்ச் பாத்துட்டு, ஞாயிறு ராத்திரிக்குள்ள வீட்டுக்கு வந்து, திங்கள் காலைல வழக்கம்போல வேலைக்கு போயிருப்போம், லீவே தேவைப்பட்டிருக்காது.

லீவுன்னு நான் சொல்றப்போ அது என்னன்னு கொஞ்சம் யோசிச்சு பாருங்க. ஓஎம்ஆர்ல லேப்டாப் வச்சு வேலை பாக்குறவங்க எப்படியாவது சமாளிச்சுடுவாங்க, வீட்லேருந்து வேலைன்னு சொல்லிட்டு ஹோட்டல் ரூம்லேருந்து கூட மீட்டிங் பேசிடலாம். ஆனா எங்க கூட ஸ்டாண்டுல நின்னு தொண்டை கட்ட கத்துறவங்கள்ல பாதி பேரு அப்படி இல்ல. ஒரகடத்துல ஷிஃப்ட் வேலை பாக்குற என் ஃபிரண்டு ஒருத்தனுக்கு ஒரு நாள் லீவு போட்டா அன்னிக்கு சம்பளம் மட்டும் போறதில்ல, அந்த மாசத்து அட்டெண்டன்ஸ் போனஸும் சேர்ந்து போயிடும். டெலிவரி பண்றவங்களுக்கு வண்டி ஓடலன்னா அன்னிக்கு வருமானமே கிடையாது. காலேஜ் பசங்களுக்கு அட்டெண்டன்ஸ் குறைஞ்சா பரீட்சை எழுத விட மாட்டாங்க. வியாசர்பாடி, காசிமேடு, பெரம்பூர் பக்கம் போய் பாருங்க, கால்பந்துக்காக உயிர விடுற ஆளுங்க அங்கதான் இருக்காங்க, இந்த ஊர்ல பந்து உயிரோட இருக்குறதுக்கு அவங்கதான் காரணம், ஆனா வாரநாள் மேட்ச்னு வந்தா முதல்ல கழண்டுக்க வேண்டி வர்றதும் அவங்கதான். பொண்ணுங்க நிலைமை இன்னும் கஷ்டம். ஷில்லாங்ல ராத்திரி ஒன்பது மணிக்கு மேட்ச் முடிஞ்சு நூறு கிலோமீட்டர் மலைப்பாதைல கவுகாத்தி இறங்கி விடிகாலை ஃபிளைட்ட பிடிக்கணும்னா எந்த வீட்டுல தைரியமா அனுப்புவாங்க?

அப்போ கடைசில யாரு போறாங்க? காசு இருக்கறவங்க, லீவு கேட்டா கிடைக்கறவங்க. எனக்கு இதுதான் ரொம்ப மனசு கஷ்டமா இருக்கு, மத்த எல்லாத்தையும் விட.

பெங்களூருல 2023 சாஃப் (தெற்காசிய கால்பந்து சம்மேளனம்) கோப்பை நடந்தப்போ எங்களுக்கு அது பக்கத்து ஊரு, சந்தோஷமா இருந்துச்சு. போட்டி சாஃப் நடத்தினது, தேதிக்கு உங்கள மட்டும் சொல்ல முடியாது. ஆனா பாகிஸ்தான் மேட்ச் புதன், ஃபைனல் ஜூலை 4 செவ்வாய். ஃபைனல் ஏழரைக்கு ஆரம்பிச்சு, 1-1னு எக்ஸ்ட்ரா டைம் போய், பெனால்டி போய், சடன் டெத்ல நம்ம கோல்கீப்பர் குர்ப்ரீத் அந்த கடைசி பந்த தடுத்தப்போ ராத்திரி பத்து மணி தாண்டிடுச்சு. கண்டீரவா ஸ்டேடியத்துல இருக்குற சென்னைக்காரங்க எல்லாருக்கும் ஒரு கண்ணு கோல்போஸ்ட்டுல, ஒரு கண்ணு கடிகாரத்துல, ஏன்னா சென்னை மெயில பிடிக்கணும்னா பெனால்டி பாக்காம எழுந்து ஓடணும். இந்தியா கப் ஜெயிக்கிற நேரத்துல ஒரு ரசிகன் ட்ரெயின பத்தி யோசிக்க வேண்டி வரலாமா சொல்லுங்க. நின்னு பாத்தவங்க பஸ் பிடிச்சு விடிகாலை பூந்தமல்லில இறங்கி முகம் கழுவிட்டு அப்படியே வேலைக்கு போனாங்க. வாரநாள்ல மேட்ச் வச்சே ஆகணும்னா ஆறு மணிக்காவது ஆரம்பிங்க, டிவிக்காரங்களோட பேசுங்க, ராத்திரி வண்டிய பிடிக்க அந்த ஒன்றரை மணி நேரம் எங்களுக்கு ரொம்ப பெரிசு.

கோவா மேட்ச பத்தியும் சொல்லியே ஆகணும். 2025 அக்டோபர் 14 செவ்வாய், அடுத்த திங்கள் தீபாவளி. சென்னைல வேலை பாக்குறவன் வருஷம் பூரா லீவ சேத்து வைக்கிறதே தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊருக்கு போகத்தான், கைல இருக்குற காசு துணிமணிக்கும் பஸ் டிக்கெட்டுக்கும் போற நேரம் அது. சென்னைலேருந்து கோவாவுக்கு தினமும் நேரடி ரயிலும் கிடையாது. தேதி ஏஎஃப்சி குடுத்தது, அது தெரியும். ஆனா ஊர நீங்கதானே முடிவு பண்றீங்க. ஆசியக்கோப்பை வாய்ப்பே அந்த மேட்ச்ல தொங்கிட்டு இருந்துச்சு, நம்ம சாங்டே கோல் போட்டு முன்னாடி போயும் 1-2னு தோத்து வெளிய வந்தோம். அந்த மாதிரி ஒரு ராத்திரில ஸ்டாண்டு பொங்கி வழிஞ்சிருக்கணும், நாலு திசைலேருந்தும் ரசிகர்கள் வந்து சேர்ற ஊரா பாத்து அந்த மேட்ச வச்சிருக்கணும்.

இதுல இன்னொரு பெரிய பிரச்சனை, எந்த ஊருன்னு நீங்க சொல்றதே லேட்டாத்தான். 2024 நவம்பர்லேருந்து ரயில் ரிசர்வேஷன் 60 நாளைக்கு முன்னாடிதான் திறக்குது, நல்ல வண்டில அது திறந்த கொஞ்ச நாள்லயே தீர்ந்து போயிடும். ஊரும் நேரமும் அந்த 60 நாளுக்கு முன்னாடியே தெரிஞ்சா நாங்க ஸ்லீப்பர்ல போயிட்டு வந்துடுவோம். அதுக்கப்புறம் தெரிஞ்சா வெயிட்டிங் லிஸ்ட், தத்கல், கடைசில ஃபிளைட், ஃபிளைட்டுன்னா ஒரு குடும்பத்தோட மாச மளிகை செலவ விட ஜாஸ்தி. இத மாத்த ஃபிஃபா கிட்டயோ ஏஎஃப்சி கிட்டயோ அனுமதி வாங்க வேண்டியதில்ல. வெளியூர்லேருந்து வர்றவங்களுக்குன்னு ஒரு பகுதி டிக்கெட்ட ஒதுக்கி முன்னாடியே வித்துடறதுக்கும் யார் அனுமதியும் வேண்டாம்.

2018ல மும்பைல ஸ்டாண்டு காலியா இருந்ததப் பாத்துட்டு சேத்ரி வீடியோ போட்டு கெஞ்சினாரு, எங்கள திட்டணும்னா கூட நேர்ல வந்து திட்டுங்கன்னு. அடுத்த கென்யா மேட்ச் ஹவுஸ்ஃபுல். அது திங்கட்கிழமைதானே, வர்றவன் எந்த நாள்லயும் வருவான்னு சில பேரு வாதம் பண்றாங்க. அன்னிக்கு அந்தேரி ஸ்டேடியத்த நிரப்பினது பெரும்பாலும் மும்பைக்காரங்க, வேலை முடிச்சு லோக்கல் ட்ரெயின் ஏறி வந்தவங்க, அவங்கள நான் மனசார மதிக்கிறேன். நான் பேசுறது ராத்திரி முழுக்க ட்ரெயின்ல வர்றவங்கள பத்தி.

உங்களால முடியும்னு நீங்களே ஒரு தடவை காட்டியும் இருக்கீங்க. 2023 இன்டர்கான்டினென்டல் கப் ஃபைனல் புவனேஸ்வர்ல ஜூன் 18, ஞாயித்துக்கிழமை. லெபனான 2-0னு ஜெயிச்சோம். நம்ம சென்னைப் பையன் நந்தகுமார் சேகர் முதல்முதலா இந்தியா சட்டை போட்டதும் அந்தப் போட்டிலதான். அந்த மாதிரி ஒரு ஞாயிறு வருஷத்துக்கு ஒண்ணாவது குடுங்க.

ஐரோப்பால 2014லேருந்தே அவங்க கால்பந்து சம்மேளனம் யூஈஎஃப்ஏ தகுதிச்சுற்று மேட்ச வியாழன்லேருந்து செவ்வாய் வரைக்கும் பரப்பி வைக்கிறாங்க. சில நாடு வியாழன் ஞாயிறு, சில நாடு வெள்ளி திங்கள், சில நாடு சனி செவ்வாய். அதனால எல்லா டீமுக்கும் அப்பப்போ ஒரு வாரக்கடைசி வந்துடும். டிவிக்காகத்தான் ஆரம்பிச்சாங்கன்னாலும் ரசிகனுக்கும் அதுல நல்லது நடந்துச்சு. ஏஎஃப்சி கூட்டத்துக்கு போறப்போ இந்தியா சார்பா இத ஒரு தடவை எழுந்து நின்னு கேளுங்க. ஆசியா ரொம்ப பெரிசு, ஃபிளைட் நேரம் ஜாஸ்தி, இங்க சரிப்படாதுன்னு சொல்லுவாங்க. நம்ம டீம் டாக்காவுக்கு போறதுக்கும் சிங்கப்பூருக்கும் போறதுக்கும் அவ்ளோ நேரம் ஆகறதில்லன்னு சொல்லுங்க.

இப்போ 2026க்கு வர்றேன், இந்த மடல் எழுத உட்கார்ந்ததே இதுக்குத்தான். ஃபிஃபா செப்டம்பர் அக்டோபர் விண்டோ ரெண்டையும் ஒண்ணா சேத்துட்டாங்க. செப்டம்பர் 21லேருந்து அக்டோபர் 6 வரைக்கும், 16 நாள், நாலு மேட்ச் ஆடலாம். நடுவுல ரெண்டு முழு வாரக்கடைசி வருது. நாம ஆசியக்கோப்பைக்கு தகுதி பெறல, அதனால அப்போ யாரோட, எங்க, என்னிக்கு ஆடறதுன்னு முடிவு பண்ற சுதந்திரம் உங்க கைல நிறையவே இருக்கும். அக்டோபர் 2 காந்தி ஜெயந்தி வெள்ளிக்கிழமை வருது, அடுத்து சனி, ஞாயிறு. நாடு முழுக்க லீவு.

அந்த மூணு நாள்ல ஒரு மேட்ச சென்னைல வைங்க. 2023லேருந்து ஆண்கள் டீம் இம்பால், புவனேஸ்வர், பெங்களூரு, கவுகாத்தி, கொல்கத்தா, ஐதராபாத், ஷில்லாங், கோவான்னு சுத்தி வந்துடுச்சு, எங்க ஊரு வரல. 2019ல எங்க ஊரு கிளப் சென்னையின் எஃப்சி ஏஎஃப்சி கோப்பை ஆடினப்போ கூட எங்க ஹோம் மேட்ச அகமதாபாத்ல, வாரநாள்ல ஆடினாங்க, நாங்க டிவில பாத்தோம். பெரியமேடு நேரு ஸ்டேடியம் சென்ட்ரல்லேருந்து நடந்து போற தூரம். தென்காசிலேருந்தும், தூத்தூர் கடற்கரைலேருந்தும், கோயம்புத்தூர்லேருந்தும், அந்தப் பக்கம் கொச்சி, பெங்களூரு, ஐதராபாத்லேருந்தும் வர்றவங்க சென்ட்ரல்லயோ எழும்பூர்லயோ இறங்கினா ஆட்டோ கூட வேண்டாம். மேட்ச் முடிஞ்சு ராத்திரி வண்டிலயே திரும்பியும் போயிடலாம்.

அக்டோபர் 3ம் தேதி பயணத்துக்கு ரிசர்வேஷன் ஆகஸ்ட் முதல் வாரம் திறக்கும். அதுக்கு முன்னாடி தேதியும் நேரமும் சொல்லிடுங்க.

இப்படிக்கு,
சென்னையிலேருந்து ஒரு இந்திய கால்பந்து ரசிகன்
2025 டிசம்பர்