டிவியிலேயே சொல்லிட்டாங்கண்ணா

அன்பு மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முட்டி வலி இப்போது பரவாயில்லை, உன்னை அடிக்கடி விசாரிக்கிறார்கள். கம்பெனியில் ஆர்டர் சுமார்தான், ஆனாலும் சம்பளம் சனிக்கிழமை தவறாமல் கொடுத்துவிடுகிறோம்.

உன் நியூஸ் டெஸ்க்கில் ஒரு ஷிப்டுக்குப் பத்துப் பன்னிரண்டு செய்தி போட வேண்டியிருக்கிறது, அதில் பாதி யாரோ எக்ஸ் தளத்தில் போட்ட பதிவு, 'நெட்டிசன்கள் கொந்தளிப்பு' என்று தலைப்பு வைத்தால் வேலை முடிந்தது என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து 2023 மார்ச் மாதம்தான் ஞாபகத்தில் ஓடுகிறது. அப்போது நீ சென்னையில் இருந்தாய், நான் இங்கே திருப்பூரில் நேரில் பார்த்தேன்.

எங்கள் அயர்னிங் டேபிளில் பீகார் பையன் ஒருவன் இருந்தானே, உனக்குக்கூட டீ வாங்கிக் கொடுத்தான். இந்தி பேசுகிறவர்களைத் தமிழ்நாட்டில் வெட்டுகிறார்கள் என்று ஒரு வீடியோ சுற்றியபோது அவன்தான் எனக்கு முதலில் காட்டினான். காட்டிவிட்டு, இது நம்ம ஊரே இல்லைண்ணா என்று சொல்லி மறுபடி துணியைத் தேய்க்கப் போய்விட்டான். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் பையைக் கட்டிக்கொண்டு கேட்டருகே நிற்கிறான். ஊரில் அவன் அம்மா டிவியைப் பார்த்துவிட்டு அழுகிறாராம். "வாட்ஸப்ல வந்தப்ப அம்மா நம்பலை, இப்ப டிவியிலேயே சொல்லிட்டாங்கண்ணா" என்றான். எனக்கு என்ன பதில் சொல்வதென்றே தெரியவில்லை. போனில் வந்தால் வதந்தி, டிவியில் வந்தால் செய்தி என்று அந்த அம்மா நம்பியதில் என்ன தப்பு? ஐம்பது வருஷமாக உங்கள் தொழில்காரர்கள் சம்பாதித்த பெயர்தானே அது!

அப்புறம் அப்போதைய தமிழ்நாடு போலீஸ் டி.ஜி.பி. சைலேந்திரபாபு விளக்கம் கொடுத்தார். ஒரு வீடியோவில் இருப்பது திருப்பூரில் பீகார்க்காரர்களே இரண்டு கோஷ்டியாக மோதிக்கொண்டது, இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த தகராறு, இரண்டுமே பழைய சம்பவங்கள். பீகார் அரசு அனுப்பிய குழுவும் வந்து விசாரித்தது. அதற்குள் செய்திக்காரர்கள் சிலர் ரயில்வே ஸ்டேஷனில் ஹோலிக்கு ஊருக்குப் போகிற கூட்டத்தைப் படம் பிடித்து, உயிருக்குப் பயந்து ஓடுகிறார்கள் என்று ஓட்டிவிட்டார்கள். பதிவைப் பார்த்துச் செய்தி போட்டார்கள், அப்புறம் அந்தச் செய்திக்குச் சாட்சியாகக் கண்ணெதிரே இருந்ததையும் வளைத்தார்கள். இதுதான் எனக்கு ஆறவே இல்லை. கோவையிலிருந்து ஒரு நிருபர் பஸ் ஏறியிருந்தால் ஒன்றரை மணி நேரத்தில் வந்து எந்தக் கம்பெனி கேட்டில் வேண்டுமானாலும் விசாரித்திருக்கலாம்.

பதிவுகளைத் தொடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2020ல் அமெரிக்காவில் மினியாபொலிஸ் நகரத்தில் போலீஸ்காரர் முழங்காலால் கழுத்தை அழுத்தியதில் ஜார்ஜ் பிளாய்டு என்ற கறுப்பினத்தவர் இறந்தபோது போலீஸ் கொடுத்த முதல் அறிக்கை அதை ஏதோ உடல்நலக் கோளாறு போலத்தான் சொன்னது, 17 வயதுப் பெண் ஒருத்தி போனில் எடுத்துப் பேஸ்புக்கில் போட்ட வீடியோதான் உண்மையைக் காட்டியது. ஆனால் அங்கே எடுத்தது யார், எந்தத் தெரு, எந்த நாள் எல்லாம் கேட்டால் பதில் இருந்தது. திருப்பூர் என்று சுற்றிய வீடியோவில் இதில் ஒன்றையாவது யாராவது கேட்டார்களா?

அந்தப் பையன் இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தான். நாங்கள் யாரும் அவனை ஒன்றும் செய்யவில்லை, இருந்தும் முதல் ஒரு வாரம் அவன் எங்களோடு கண்ணைப் பார்த்துப் பேசவில்லை. மறுப்புச் செய்தி வந்ததே அவன் அம்மாவுக்குத் தெரியாதாம்.

உன் வேலை நெருக்கடி எனக்குப் புரிகிறது, எண்ணிக்கை காட்டாவிட்டால் சீட்டு கிழியும் என்றாய். ஆனாலும் கேட்கிறேன். திருப்பூர் என்று எழுதி ஒரு வீடியோ உன் டெஸ்க்குக்கு வந்தால், போடுவதற்கு முன்னால் எனக்கு ஒரு போன் போடு. ராத்திரி இரண்டு மணியானாலும் சரி, வண்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். நம்பர் அதேதான்.

உன்
பழைய பெஞ்சுக்காரன்