கதிரை என்றாலும் நாற்காலிதான்

ஆசிரியர் அவர்களுக்கு,

கனடாவின் ஸ்காபரோவில் மகள் வீட்டில் வசிக்கும் என் அக்காவுக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் செயலிழந்து, பேச்சும் குழறிய செய்தி கிடைத்ததும், நான் அங்கு சென்று மூன்று மாதம் கூடவே இருந்தேன். அவரைப் பராமரித்த மருத்துவமனையின் வசதிகளிலோ ஊழியர்களின் பரிவிலோ குறை சொல்ல எனக்கு எதுவுமில்லை. இருந்தும் அங்கே கண்ட சிலவற்றை எழுதாமல் இருக்க முடியவில்லை. பிள்ளைகளோ பெற்றோரோ வெளிநாட்டில் இல்லாத குடும்பம் இப்போது நம் மாவட்டத்தில் குறைவு என்பதால், மட்டக்களப்பில் இது என் வீட்டுக் கதை மட்டுமல்ல என்றே நினைக்கிறேன்.

பேச்சுச் சிகிச்சையாளர் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டி, அவற்றின் பெயரைச் சொல்லும்படி அக்காவைக் கேட்டார். மொழிபெயர்க்க வந்தவர் சென்னையைச் சேர்ந்தவர், நல்ல மனிதர். நாற்காலியின் படத்துக்கு அக்கா சிரமப்பட்டுக் ‘கதிரை’ என்றார். துவட்டும் துணிக்குத் ‘துவாய்’ என்றார். சாப்பிடும் தட்டுக்குப் ‘பீங்கான்’ என்றார். மூன்றும் என் காதில் தெளிவாகவே விழுந்தன. முதல் இரண்டும் பொருளற்ற ஒலிகள் என்றும், மூன்றாவது தொடர்பில்லாத சொல் என்றும் பதிவாகின. நான் எழுந்து விளக்கியதும் உடனே திருத்திக்கொண்டார்கள். ஆனால் தான் சரியாகச் சொன்னதும் பிழையாகிப் போனதைக் கண்ட அக்கா, அதன் பிறகு அன்று வாயே திறக்கவில்லை. தமிழுக்கு மொழிபெயர்ப்பாளர் உண்டு என்று படிவத்தில் அடையாளமிட்டால் கடமை முடிந்தது என நினைக்கும் இடங்களில், மூளையில் ஏற்பட்ட பாதிப்பும் ஊர் வழக்கும் இப்படி ஒன்றாகக் கலந்துவிடுகின்றன.

அடுத்தது சாப்பாடு. வலக்கை இயங்காததால் இடக்கையால் உண்ணப் பழக்க வேண்டும் என்றார்கள். எழுபது வருடமாக இடக்கையை மலசலகூடத்தில் கால் கழுவ மட்டும் பயன்படுத்திய ஒருவர், அதே கையால் சோற்றைப் பிசைந்து வாயில் வைப்பாரா? தட்டைத் தள்ளி வைத்தார். ‘ஒத்துழைக்க மறுக்கிறார், மனச்சோர்வு இருக்கலாம்’ என்று குறிப்பெழுதப்பட்டது. பிறகு பணிக்கு வந்த இளம் சிகிச்சையாளர் ஒருத்தி, “வீட்டில் எப்படிச் சாப்பிடுவீர்கள்?” என்று அக்காவின் மகளான என் பெறாமகளிடம் கேட்டாள். விடயம் விளங்கியதும் பிடி தடித்த கரண்டியொன்றை இடக்கைக்குப் பழக்கினாள். கை சோற்றைத் தொடாததால் அக்கா சம்மதித்தார். கேள்வி ஒன்றுதான், ஆனால் அது கேட்கப்பட இரண்டு வாரம் சென்றது.

இதற்கு எதிர்ப்பக்கமாகவும் ஒன்று நடந்தது. தெற்காசியக் குடும்பங்களில் மூத்த மகனே முடிவெடுப்பான் என்று ஏதோ ஒரு கைநூலில் படித்திருந்த ஊழியர் ஒருவர், வேறு நகரத்தில் இருந்த மகனைத் தொலைபேசியில் அழைத்தே ஒவ்வொன்றுக்கும் சம்மதம் கேட்டார். பக்கத்தில் நின்ற மகளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மட்டக்களப்பில் வீடு பெண்ணுக்கு உரியது, மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவதே வழக்கம், தாய் கடைசிவரை இருப்பது மகளிடம் என்பது அந்தக் கைநூலில் இருந்திருக்காது. பண்பாட்டை மதிக்கிறோம் என்று ஒரு பட்டியலைப் பாடமாக்கி வருவதும், பண்பாடே தெரியாமல் வருவதும் நோயாளியின் கட்டிலருகே கிட்டத்தட்ட ஒன்றுதான்.

நோயாலோ காயத்தாலோ இழந்த ஆற்றலை மீட்கப் பழக்குவதைப் புனர்வாழ்வு என்கிறோம். குடியேறியோருக்கான அந்தச் சேவைகளைப் பற்றி ஆராய்ந்த அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள், சேவை வழங்குபவருக்கும் பெறுபவருக்கும் இடையில் நின்று இரு பக்கத்தையும் விளங்கவைப்பவரைப் ‘பண்பாட்டுத் தரகர்’ என்ற பொருளில் அழைத்தார்கள். தரகர் என்றால் நமக்குக் கலியாணத் தரகரும் காணித் தரகரும்தான் நினைவுக்கு வருவர். ஆனாலும் வேலை ஏறத்தாழ அதுவே. சொல்லை மட்டும் மாற்றிக் கொடுப்பவரால் அதைச் செய்ய முடியாது. ‘புனர்வாழ்வு’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். இலங்கையில் 2009இல் போர் முடிந்த பின் ஏறத்தாழ 12,000 முன்னாள் போராளிகள் அந்தப் பெயரிலேயே தடுத்து வைக்கப்பட்டார்கள். நம் மாவட்டத்தின் வாகரையிலிருந்தோ படுவான்கரையிலிருந்தோ போன ஒருவரிடம் “உங்களைப் புனர்வாழ்வுக்கு அனுப்பப் போகிறோம்” என்று மொழிபெயர்ப்பாளர் சொன்னால், அவர் மனதில் எழுவது உடற்பயிற்சிக் கூடமாக இருக்காது.

நோயைக் குடும்பங்கள் மறைப்பதும் உண்டு. பழியை எல்லாம் ‘முன்வினை’ நம்பிக்கையின் மீதும், கூடப்பிறந்தவர்களின் கலியாணம் குழம்பிவிடும் என்ற பயத்தின் மீதும் போட்டுவிடுகிறார்கள். அவை உண்மைதான், ஆனால் சட்டத்துக்கும் பங்குண்டு. கனடாவின் குடிவரவு மற்றும் அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 38ஆம் பிரிவு, ஒருவரின் உடல்நிலை பொதுச் சுகாதார, சமூக சேவைகளுக்கு மிகையான சுமையாகும் என்று கருதப்பட்டால் அவருக்கு அனுமதி மறுக்க இடமளிக்கிறது. 2018இல் செலவு வரம்பை மும்மடங்காக உயர்த்தினார்கள். அகதிகளுக்கும், அழைக்கப்படும் வாழ்க்கைத் துணைக்கும், தங்கிவாழும் பிள்ளைகளுக்கும் விலக்குண்டு, பெற்றோருக்கு இல்லை. அக்காவுக்கு முன்பொரு முறை கை மரத்துப்போனதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்று நான் வற்புறுத்தியபோது, “அம்மாட விசாவுக்கு ஏதும் வந்திடுமோ சின்னம்மா?” என்று பெறாமகள் தயங்கினாள். நிரந்தர வதிவுரிமை கிடைத்துப் பல வருடமாகியும் அந்தப் பயம் போகவில்லை. மருத்துவருக்கு அவசியமாகத் தெரிய வேண்டிய தகவல் அது.

வெளிநாட்டைச் சொல்லிவிட்டு நாம் தப்பிக்க முடியாது. இங்கிருந்து நீண்டகாலச் சிகிச்சைக்காக, சிங்களமே பெரும்பாலும் பேசப்படும் மேல் மாகாணத்துக்குச் செல்லும் தமிழ்பேசும் நோயாளி, சொந்த நாட்டுக்குள்ளேயே குடியேறியவரின் நிலைக்கு ஆளாகிறார். கண்ணிவெடியில் காலிழந்த விவசாயிக்குச் சப்பாத்துக்குள் மட்டுமே பொருந்தும் செயற்கைக் கால் உதவாது. அவர் வெறுங்காலுடன் வரம்பில் நடக்க வேண்டும், சேற்றில் இறங்க வேண்டும், குந்தியிருக்க வேண்டும். இவற்றை மனதில் கொண்டு 1968இல் இந்தியாவில் உருவானதே ஜெய்ப்பூர் கால். சம்மாந்துறையிலோ அக்கரைப்பற்றிலோ உள்ள ஒரு முஸ்லிம் தாய் ஆண் சிகிச்சையாளரிடம் பயிற்சிக்கு வர மறுத்தால், அதைப் பிடிவாதம் என்று எழுதாமல் பெண் ஒருவரை அனுப்பினால் போதும். தொழுகைக்கு மீண்டும் குனிந்து எழ வேண்டும் என்ற அவரின் ஆசையையே பயிற்சியின் இலக்காக வைக்கலாம். கனடா 2010இலும் இலங்கை 2016இலும் ஏற்புறுதி செய்த ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் சமவாயத்தின் 26ஆம் உறுப்புரை, ஒவ்வொருவரின் தேவையையும் ஆற்றலையும் மதிப்பிட்டே புனர்வாழ்வுச் சேவை அமைய வேண்டும் என்கிறது. என் அக்காவின் விடயத்தில் தேவையை அறிந்தது, வீட்டில் எப்படிச் சாப்பிடுவீர்கள் என்று கேட்ட அந்தப் பெண் மட்டுமே.

ஆகவே தங்கள் பத்திரிகை வாயிலாக ஒரு வேண்டுகோள். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதார பராமரிப்பு விஞ்ஞான பீடமும், ஓய்வுபெற்ற ஆசிரியர்களாகிய நாமும் சேர்ந்து, நம் பேச்சு வழக்கில் அமைந்த படச் சீட்டுகளையும் ஒலிப்பதிவுகளையும் தயாரித்து, இங்கும் வெளிநாடுகளிலும் உள்ள சிகிச்சையாளர்கள் இலவசமாகப் பயன்படுத்த வழிசெய்யலாம். நம் வீடுகளில் புழங்காத பொருள்களின் படங்கள் தேவையில்லை. துவாய், கதிரை, பீங்கான், கொச்சிக்காய், உரல், தோணி போதும். வீட்டில் பேசும் சொற்கள் முந்நூறை நான் எழுதி வைத்திருக்கிறேன். ஆர்வமுள்ளவர்கள் தங்கள் அலுவலகம் ஊடாகத் தொடர்புகொண்டால் கொடுக்க ஆயத்தமாக உள்ளேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
ஆரையம்பதி, மட்டக்களப்பு.