எந்தச் சட்டத்தை மீறுவது?

வெருலம், டர்பன், தென்னாப்பிரிக்கா

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. பேத்திக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கும் செய்தியைப் படித்து வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தோம். இங்கு அனைவரும் நலம். என் முழங்கால் வலி மட்டும் மாறாத உறவினராக உடன் இருக்கிறது.

அறவழிப் போராட்டமெல்லாம் காந்தி காலத்தோடு முடிந்த சங்கதிதானே என்று கேட்டிருந்தீர்கள். போன வாரம் எங்கள் கோயில் மண்டபத்தில் நடந்த கூட்டத்தை நீங்கள் பார்த்திருந்தால் அப்படிக் கேட்டிருக்க மாட்டீர்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டொங்காட் நீர் சுத்திகரிப்பு நிலையம் சிதைந்து, அந்த வட்டாரமே மாதக்கணக்கில் லாரித் தண்ணீருக்கு வாளியோடு நின்றது தங்களுக்கு நினைவிருக்கும். எங்கள் தெருவில் இன்றும் வாரத்தில் சில நாட்கள் குழாயில் காற்றுதான் வருகிறது. பில் மட்டும் தவறாமல் வந்துவிடுகிறது. டயரைக் கொளுத்தி நெடுஞ்சாலையை மறிப்போம் என்றார்கள் இளைஞர்கள். ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் எழுந்து, தண்ணீர்க் கட்டணத்தை நேரே கட்டாமல் ஒரு வக்கீலின் பொறுப்புக் கணக்கில் போட்டு வைப்போம், ரசீதின் நகலோடு நாம் செய்வதை எழுதியும் தெரிவிப்போம், இணைப்பைத் துண்டித்தால் துண்டிக்கட்டும் என்றார். மண்டபம் இரண்டாகப் பிரிந்தது. நான் டீச்சர் பக்கம். இளைஞர்களின் கோபம் தவறு என்று நான் எண்ணவில்லை. மீறுவதற்கு அவர்கள் தேர்ந்தெடுத்த சட்டம்தான் எனக்குப் பொருந்தவில்லை.

உங்கள் மொரீஷியஸ் மண்ணில் பிறந்து, இங்கே காந்தியோடு போராடிய தம்பி நாயுடுவை எடுத்துக்கொள்ளுங்கள். 1913இல், ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து புறப்பட்ட, பெரும்பாலும் தமிழர்களான பெண்களின் குழு, அனுமதியின்றி எல்லையைக் கடந்தும் உரிமமின்றிக் கூவி விற்றும் சிறை செல்லப் பார்த்தது. போலீசார் அவர்களைத் தொடவே மறுத்தார்கள். கைது செய்யாமல் விட்டுவிடுவதைவிடக் கெட்டிக்கார அடக்குமுறை வேறில்லை. கைக்குழந்தையோடு வந்த பெண்ணைக் கண்டுகொள்ளாமல் விட்டால் போராட்டம் தானே களைத்துப் போகும் என்று அரசு கணக்குப் போட்டிருக்க வேண்டும். அந்தப் பெண்கள் தம்பி நாயுடுவோடு நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போய், ஒப்பந்தம் முடிந்த கூலிகள் மீது விதிக்கப்பட்ட 3 பவுன் வரியைப் பற்றித் தொழிலாளரிடம் பேசினார்கள். சுரங்கங்கள் நின்றன. அதற்குப் பிறகு அரசால் பாராமுகமாக இருக்க முடியவில்லை. பெண்களும் சிறைக்குப் போனார்கள். மாரிட்ஸ்பர்க் சிறையிலிருந்து காய்ச்சலோடு வெளிவந்த வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தார். அவ்வாண்டே அந்த வரி ஒழிந்தது. வரி எந்த மக்களை வதைத்ததோ, அவர்களே வேலையை நிறுத்தியதால்தான் அடி சரியான இடத்தில் விழுந்தது.

1946இலும் அப்படித்தான். இந்தியர்கள் எங்கே நிலம் வாங்கலாம், எங்கே குடியிருக்கலாம் என்று வரம்பு கட்டும் சட்டம் வந்தது. ஜூன் 13 அன்று டர்பனில் கேல் தெருவும் உம்பிலோ சாலையும் சந்திக்கும் முனையில், நகராட்சியின் காலி நிலத்தில், கூடாரம் அடித்து உட்கார்ந்தார்கள். நிலத்தைப் பற்றிய அநீதிக்கு நிலத்திலேயே பதில். இரவில் வெள்ளைக்காரக் கும்பல்கள் வந்து கூடாரங்களைக் கிழித்து ஆட்களை அடித்தபோதும், டாக்டர் மோன்டி நாயக்கரும் டாக்டர் கூனமும் நடத்திய அணிகளிலிருந்து திருப்பி அடிக்க ஒரு கை எழவில்லை. ஏறத்தாழ 2000 பேர் சிறை சென்றார்கள். சட்டம் உடனே விழுந்துவிடவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அடுத்து வந்த அரசு அதைவிடக் கொடிய சட்டங்களைக் கொண்டுவந்தது.

பழங்கதை என்பீர்கள். சரி, 2000ஆம் ஆண்டைப் பாருங்கள். டி.ஏ.சி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் எய்ட்ஸ் சிகிச்சை இயக்கத்தின் ஜாக்கி அக்மத், எய்ட்ஸ் நோயாளிகளைத் தாக்கும் பூஞ்சைத் தொற்றுக்கான, காப்புரிமையால் இங்கு எட்டாத விலையில் இருந்த மருந்தின் மலிவான மாற்றைத் தாய்லாந்திலிருந்து ஆயிரக்கணக்கில் கொண்டுவந்து, ஒளித்து வைக்காமல் பத்திரிகையாளர்களை அழைத்துக் காட்டினார். பிடித்து வழக்குப் போட்டால், மருந்து இருந்தும் நோயாளி ஏன் சாக வேண்டும் என்று அரசு நீதிமன்றத்தில் பதில் சொல்ல வேண்டியிருக்கும். 2003 மார்ச்சில் அதே இயக்கத்தார் காவல் நிலையங்களுக்குப் போய், மரணங்களுக்குப் பொறுப்பு என்று அமைச்சர்கள் மீதே புகார் கொடுத்துவிட்டு, எங்களையும் கைது செய்யுங்கள் என்று உட்கார்ந்தார்கள். ஆகஸ்டில் அமைச்சரவை அரசு மருத்துவமனைகளில் எய்ட்ஸ் மருந்து வழங்கும் திட்டத்துக்கு வழிவிட்டது.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒரு முள் எனக்குள் குத்திக்கொண்டுதான் இருக்கிறது. 2005 மார்ச் 19 அன்று, கிளேர் எஸ்டேட்டில் நம்மவர் வீடுகளுக்குப் பின்னாலேயே இருக்கும் கென்னடி சாலைக் குடிசைவாசிகள், தங்களுக்கு வீடு வரும் என்று நம்பியிருந்த நிலத்தில் வேறு யாருக்கோ புல்டோசர் ஓடுவதைக் கண்டு உம்கேனி சாலையை மறித்தார்கள். 14 பேர் கைதானார்கள். அதிலிருந்துதான் அபஹ்லாலி என்னும் குடிசைவாசிகள் இயக்கம் பிறந்தது. கட்டாமல் நிறுத்திவைக்க அவர்களிடம் பில் இல்லை. சாலையைத் தவிர அவர்கள் கையில் என்ன இருந்தது? ஆகவே எங்கள் தெரு இளைஞர்களிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: நமக்குப் பில் வருகிறது, வக்கீலும் கிடைப்பார், அதை முதலில் பயன்படுத்துவோம், மறியல் என்றால் தீ வேண்டாம், ஆம்புலன்ஸுக்கு வழி விட வேண்டும். ஒருவன் சிரித்தான். இருவர் பெயர் கொடுத்தார்கள்.

இதுவரை பதினேழு வீடுகள் சம்மதித்திருக்கின்றன. அடுத்த ஞாயிறு வக்கீலைப் பார்க்கப் போகிறோம். இணைப்பைத் துண்டித்தால் எந்த வீட்டில் எத்தனை வாளி பிடித்து வைப்பது என்பதுவரை டீச்சர் பட்டியல் போட்டுவிட்டார். உங்கள் ஊரில் இப்படிக் கட்டணத்தை நிறுத்திவைத்தவர்கள் யாரேனும் உண்டா, உண்டென்றால் அதிகாரிகள் என்ன செய்தார்கள் என்று விசாரித்து, ஞாயிற்றுக்கிழமைக்கு முன் எழுதுங்கள். பேத்திக்கும் கொள்ளுப்பேத்திக்கும் எங்கள் ஆசிகள்.

தங்கள் அன்பு நண்பன்