பிரிக்காத பெட்டிகளைத் திருப்பி அனுப்பிவிடு, கண்ணு

கண்ணு,

போனில் சொல்லலாம் என்றால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று இரண்டு நிமிடத்தில் வைத்துவிடுகிறாய். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன், பொறுமையாகப் படி. நேற்று காவேரிப்பட்டணம் போய் மருமகளைப் பார்த்துவிட்டு வந்தேன். நன்றாக இருக்கிறாள், களியும் கீரையும் முகம் சுளிக்காமல் சாப்பிடுகிறாள், கால் மட்டும் சாயங்காலத்தில் கொஞ்சம் வீங்குகிறது. பிரஷர் பார்க்கச் சொன்னேன், பார்த்தார்கள், சரியாகத்தான் இருக்கிறது, நீ பயப்படாதே. கர்ப்பத்தைப் பதிவு செய்தால் அரசாங்கம் கொடுக்கிற பிக்மி நம்பர் எடுத்தாச்சா என்று கேட்டேன், எடுத்தாச்சாம். அது இல்லாமல் பிறப்புச் சான்றிதழுக்கு அலைய வேண்டிவரும், அதனால் அந்த நம்பரை நீயும் குறித்து வைத்துக்கொள்.

சம்பந்தியம்மா உள்ரூமைத் திறந்து காட்டினார். கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் ஆள் உயரத்துக்கு அட்டைப் பெட்டிகள். "மாப்பிள்ளை தினம் ஒன்று அனுப்புகிறார்" என்றார், சந்தோஷமாகச் சொன்னாரா சங்கடப்பட்டுச் சொன்னாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. குழந்தை பிறக்கும் முன்னால் அதற்கென்று பொருள் வாங்கிச் சேர்க்கக் கூடாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம், நம் பக்கமும் அதேதான், அதனால் ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை, ஒட்டிய டேப் ஒட்டியபடி இருக்கிறது. எனக்கு அந்த வழக்கத்தில் பெரிய நம்பிக்கை கிடையாது என்று உனக்குத் தெரியும். இந்தத் தடவை மட்டும் அது நல்லதுக்குத்தான் ஆயிற்று. பிரிக்காத பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள் இல்லையா? அதற்கு நாள் கணக்கு இருக்குமாமே. அந்த நாள் தாண்டுவதற்குள் அனுப்பிவிடு.

அந்தத் தள்ளுவண்டிதான் எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது. விலை பெட்டியிலேயே ஒட்டியிருக்கிறது, படித்துவிட்டு எனக்குப் பேச்சே வரவில்லை. அதை எங்கே தள்ளப் போகிறாய்? காவேரிப்பட்டணம் தெருவில் ஒரு பக்கம் சாக்கடை, இன்னொரு பக்கம் வண்டிகள். பெங்களூரில் உன் வீட்டு வாசலில் நடைபாதைக் கல் பெயர்ந்து கிடக்கிறது, நானே பார்த்துப் பார்த்துத்தான் கால் வைத்தேன். மூன்றாவது மாடி, லிஃப்ட்டும் பாதி நாள் ஓடாது. கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு போவதுதான் நடக்கும், வண்டி பால்கனியில் துணி காயப்போடத்தான் உதவும். திருப்பி அனுப்பு.

வாக்கரும் அப்படித்தான். இது காசு விஷயம் மட்டும் இல்லை, சும்மா கொடுத்தாலும் வேண்டாம் என்பேன். வாக்கரில் விட்டால் சீக்கிரம் நடக்கும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். தவழ்ந்து, சுவரைப் பிடித்து எழுந்து, தொப்பென்று உட்கார்ந்து, மறுபடி எழுந்துதான் குழந்தைக்கு நடை வரும். வாக்கரில் அது நுனிக்காலால் உந்தும், முன்னால் இருக்கிற தட்டு மறைப்பதால் தன் கால் எங்கே போகிறது என்றே அதற்குத் தெரியாது, ஆனால் ஒரு நொடியில் வாசற்படிக்கு வந்துவிடும். பென்னாகரம் பக்கம் நான் வேலை பார்த்த ஊரில் அப்படித் திண்ணையிலிருந்து வண்டியோடு விழுந்த குழந்தையை நான்தான் தூக்கிக்கொண்டு ஓடினேன், நெற்றியெல்லாம் ரத்தம். கனடாவில் 2004லேயே விற்கக் கூடாது என்று தடை போட்டுவிட்டார்கள். நம் ஊரில்தான் இன்னும் முதல் பிறந்தநாளுக்கு அதைப் பரிசாகக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள்.

கட்டிலோடு ஒரு மெத்தை செட் அனுப்பியிருக்கிறாய், சுற்றிலும் கட்டுகிற திண்டு, கடுகுத் தலையணை, பொம்மை எல்லாம் சேர்த்து. பார்க்க அழகாக இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு வயசு வரைக்கும் தலையணையே வேண்டாம் கண்ணு. குழந்தையை மல்லாக்கப் போட வேண்டும், முகத்துக்குப் பக்கத்தில் மெத்தென்று எதுவும் இருக்கக் கூடாது, மூக்கு அதில் பதிந்தால் அதற்குத் திரும்பத் தெரியாது. சுற்றிக் கட்டுகிற அந்தத் திண்டை அமெரிக்காவில் 2022ல் சட்டம் போட்டே நிறுத்தியிருக்கிறார்கள். நாமே விலை கொடுத்து அதை வாங்க வேண்டுமா? தலை உருண்டையாக வரும் என்று சம்பந்தியம்மா கடுகுத் தலையணையை எடுத்து வைத்தால், அவரிடம் நான் சொல்வது சரியாக இருக்காது, நீ சொல். சாம்பிராணிப் புகையும் வேண்டாம் என்று அதோடு சேர்த்துச் சொல். மாப்பிள்ளை சொன்னால் கேட்பார்.

என் பழைய நூல் சேலை நான்கைத் துவைத்து எடுத்து வைத்திருக்கிறேன், தூளிக்கு அது போதும். தூளி கட்டினால் நடுவில் கட்டை கொடுத்து முகத்தில் துணி விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், யாராவது பக்கத்திலேயே இருக்க வேண்டும், ராத்திரிக்குத் தாய் பக்கத்தில் தனி விரிப்பில். தொட்டிலை நினைத்தால் எனக்கு நம் தர்மபுரி ஆஸ்பத்திரியில் வைத்திருந்த அரசாங்கத் தொட்டில்தான் முதலில் ஞாபகம் வரும். சேலத்தில் 1992ல் ஆரம்பித்த திட்டம், 2001ல் நம் மாவட்டத்துக்கு வந்தது. பெண் குழந்தை வேண்டாம் என்றால் கொன்றுவிடாதே, இதில் போட்டுவிட்டுப் போ என்று வைத்த தொட்டில். அந்தக் காலத்தில் வீடு வீடாகப் போய்ப் பேசியவள் நான். அதனால்தான் சொல்கிறேன், ஆணோ பெண்ணோ, நம் வீட்டுக்கு வருகிற குழந்தைக்கு எல்லோரும் ஆசையாகக் காத்திருக்கிறோம், அதைவிட நீ வாங்கிக் கொடுக்க ஒன்றும் இல்லை. நீ ஆசைப்பட்டு வாங்கினாய் என்று தெரியும். உன் மனசு எனக்குத் தெரியாதா?

பால்புட்டி ஆறு, அதைக் கழுவிக் காய வைக்க ஒரு மெஷின், பால் எடுக்கிற பம்ப் ஒன்று. புட்டிக்கும் டப்பாப் பாலுக்கும் விளம்பரமே செய்யக் கூடாது என்று 1992ல் சட்டம் வந்தது. அதைத்தான் எங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்தார்கள், நாங்களும் ஊர் ஊராகச் சொன்னோம். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம், கிரைப் வாட்டர் வேண்டாம், தேன் ஒரு வயசு வரை கூடவே கூடாது. பால் சுரக்க நாளானாலோ டாக்டர் வேறு பால் கொடுக்கச் சொன்னாலோ பாலாடை இருக்கிறதே. உனக்குக் கொடுத்த வெள்ளிப் பாலாடையைப் புளி போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறேன், மூக்குப் பக்கம் நீ கடித்த பல் தடம் இன்னும் அப்படியே இருக்கிறது, விரல் வைத்தால் தெரியும். ரப்பர் காம்பின் உள்பக்கம் பால் ஒட்டினால் லேசில் போகாது. பாலாடைக்குக் கழுவ இடுக்கே கிடையாது, கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்தால் முடிந்தது. பம்ப் தப்பு என்று சொல்லவில்லை. மருமகளுக்கு 26 வாரம் லீவு இருக்கிறது, மறுபடி வேலைக்குப் போகும்போது தேவைப்பட்டால் அப்போது வாங்கலாம், இப்போது பெட்டிக்குள் கிடந்து என்ன ஆகப் போகிறது.

சின்ன ஷூ நான்கு ஜோடி இருக்கிறது. நடக்காத குழந்தைக்கு ஷூ எதற்கு? துணியும் எல்லாம் பிறந்த குழந்தை அளவில் எடுத்திருக்கிறாய். ஐந்து மாதத்தில் பிறந்த எடையைப் போல இரண்டு மடங்கு வந்துவிடும், ஒரு வயசில் மூன்று மடங்கு, பாதிச் சட்டையை ஒரு தடவைகூடப் போட மாட்டீர்கள். முதல் சட்டை எப்படியும் உன் அக்கா பையனுடைய பழசுதான். குளிக்க வைக்கிற தொட்டியும் வேண்டாம், சம்பந்தியம்மா காலை நீட்டி மணையில் உட்கார்ந்து, முழங்காலுக்குக் கீழே குழந்தையைக் கிடத்தி, ஊற்றுகிற தண்ணீர் கண்ணில் வழியாமல் நெற்றியில் கையை அணைத்துப் பிடித்து ஊற்றுவார், கை தேர்ந்தவர். கேமரா எதற்கு என்று எனக்குப் புரியவில்லை, குழந்தையைச் சுற்றி எந்நேரமும் நான்கு பேர் இருக்கப் போகிறோம். வேண்டியதைச் சொல்கிறேன், கேள். துவைத்த பழைய வேட்டித் துணி நிறைய, குடை மாதிரி விரிகிற கொசுவலை, காய்ச்சல் பார்க்கிற டிஜிட்டல் தெர்மாமீட்டர், நகவெட்டி, நல்ல துண்டு இரண்டு. 2015ல் அரசாங்க ஆஸ்பத்திரியில் பிரசவமான தாய்மார்களுக்கு ஒரு பெட்டகம் கொடுக்க ஆரம்பித்தார்கள் இல்லையா, அதில் மொத்தம் 16 பொருள். வீட்டுக்குப் போய்ப் பார்க்கும்போது துண்டும் கொசுவலையும்தான் எப்போதும் கொடியிலும் கட்டிலிலும் இருக்கும்.

பிரசவத்துக்கும் பெரிய ஆஸ்பத்திரியில் பேக்கேஜ் பேசியிருக்கிறாய் என்று மருமகள் சொன்னாள். கிருஷ்ணகிரியிலேயே 2022ல் மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது, தர்மபுரியில் அதற்கு முன்பிருந்தே இருக்கிறது, என்னோடு வேலை பார்த்தவர்கள் இரண்டு இடத்திலும் இருக்கிறார்கள், கூட நின்று பார்த்துக்கொள்வார்கள். மாமியார் கஞ்சத்தனம் பார்க்கிறாள் என்று அங்கே நினைத்துவிடக் கூடாது என்பதால் நான் வாயைத் திறக்கவில்லை. நீ யோசி. தடுப்பூசிக்கும் தனியாரிடம் போக வேண்டாம். ஆறாவது வாரம், பத்தாவது வாரம், பதினான்காவது வாரம், எல்லாம் நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் போடுகிறார்கள், வேண்டுமென்றால் நானே தூக்கிக்கொண்டு போகிறேன்.

ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம். காரில் மாட்டுகிற குழந்தை நாற்காலி. கிருஷ்ணகிரி ரோட்டில் போகிற வேகத்துக்கு மடியில் வைத்துக்கொண்டு வருவது ஆபத்து, அது வேண்டும்தான், நீ யோசித்து வாங்கியிருக்கிறாய். ஆனால் காரை சர்வீஸுக்கு விட்டிருக்கிறேன் என்று பொங்கலுக்கு பஸ்ஸில் வந்தாய். வளைகாப்புக்கும் பஸ்ஸில்தான் வந்தாய். சர்வீஸ் முடிந்ததா என்று அப்பா கேட்டார், பெங்களூரில் டிராஃபிக் அதிகம், பஸ்தான் சௌகரியம் என்று நானே சொல்லிவிட்டேன்.

அப்பாவுக்கு இன்னொன்றும் தெரியாது. போன வாரம் எனக்கு ஒரு போன் வந்தது, உன் பெயரைச் சொல்லி, நீ எங்கே வேலை பார்க்கிறாய், வேறு நம்பர் இருக்கிறதா என்று கேட்டார்கள். உன் கடனுக்கு என் நம்பரைக் கொடுத்திருக்கிறாயாம். அந்த ஆள் மரியாதை இல்லாமல் பேசினான். என் மகன் யாரையும் ஏமாற்றுகிறவன் இல்லை என்று சொல்லி வைத்தேன். வைத்த பிறகு கை நடுங்கிக்கொண்டே இருந்தது. அதற்கப்புறம்தான் எனக்கு ஒவ்வொன்றாகத் தோன்றுகிறது, பகல் பதினொரு மணிக்குப் போன் செய்தால் உன் பின்னால் பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் கேட்கிறது, முன்னெல்லாம் "மீட்டிங்கில் இருக்கிறேன்மா" என்று வெட்டிவிடுவாய், இப்போது ஒரு ரிங்கில் எடுக்கிறாய். நான் கம்பெனியைப் பற்றிக் கேட்கவில்லை. நீயாகச் சொல்கிற அன்றைக்குச் சொல்.

இந்தத் தெருவில் முதலில் இன்ஜினியரிங் படித்தவன் நீ. என் கண் ஆபரேஷனுக்கு லீவு போட்டு வந்து கூடவே படுத்திருந்தாய், மாதாமாதம் ஒன்றாம் தேதி தவறாமல் பணம் அனுப்புகிறாய், இந்த மாதமும் அனுப்பினாய். அதை எங்கிருந்து எடுத்து அனுப்பினாய்? இனிமேல் அனுப்பாதே. எனக்குப் பென்ஷன் வருகிறது, அப்பாவுக்குப் புளி குத்தகைப் பணம் வந்துவிட்டது, இரண்டு பேருக்கு என்ன செலவு. ரிட்டயர்மென்ட்டில் வந்த பணம் பேங்கில் அப்படியே கிடக்கிறது, அது உங்கள் இரண்டு பேருக்கும்தான், உன் அக்காவிடம் பேசிவிட்டேன், அவளும் சரி என்றுவிட்டாள். மருமகளுக்கு எதுவும் தெரியாது என்று நினைக்கிறேன், நான் சொல்லவும் மாட்டேன், ஆனால் குழந்தை பிறப்பதற்கு முன்னால் நீயே சொல்லிவிடுவது நல்லது. அவள் தைரியமான பெண்.

தள்ளுவண்டி, வாக்கர், மெத்தை செட், மெஷின், பம்ப், தொட்டி, கேமரா, ஷூ எல்லாவற்றுக்கும் இன்றைக்கே போனில் போட்டுவிடு, வந்து எடுத்துக்கொண்டு போகட்டும். நிறைய வந்துவிட்டது, வைக்க இடம் இல்லை என்று அம்மா சொன்னார் என்று சம்பந்தியம்மாவிடம் சொல், பழி என் மேல் இருக்கட்டும். வர வேண்டிய பணம் வந்ததா என்று பார்த்துக்கொள்.

திங்கட்கிழமை காலையில் பேங்குக்குப் போகிறேன். அதற்குள் எவ்வளவு பாக்கி என்று மட்டும் எழுதி அனுப்பு. ஏன் என்று எழுத வேண்டாம்.

அம்மா