ஒரு மானையும் காணவில்லை என்று சொன்ன அப்பா

அன்பு மகளுக்கு,

இன்று ஒக்டோபர் 11. 2021-இல் இதே நாள் வந்த நோர்வே உச்ச நீதிமன்றத் தீர்ப்பை நீயே எனக்கு வாசித்துக் காட்டினாய். ஃபோசன் பகுதியின் காற்றாலை உரிமங்கள் செல்லாது, அவை அங்கே துருவமான் மேய்க்கும் சாமி பூர்வகுடிகளின் உரிமையை மீறுகின்றன என்ற தீர்ப்பு. ஆனால் அங்கே 151 காற்றாடிகளும் இன்னும் சுற்றுகின்றன.

ஒஸ்லோவில், அமைச்சு வாசலில் நீ குந்தியிருந்த காலைதான் மனதை விட்டுப் போகுதில்லை. தீர்ப்பு வந்து 500 நாள் கடந்தும் காற்றாடிகள் நிற்காத மாசி மாதம். சாமி இனப் பிள்ளைகள் எதிர்ப்பைக் காட்டத் தங்கள் பாரம்பரிய உடுப்பை உட்புறம் வெளியே தெரியப் போட்டிருந்தார்கள். நான் சூப் போத்தலோடு வந்தது உன்னை வீட்டுக்கு இழுத்துப்போக. பக்கத்தில் இருந்த பிள்ளை கேட்டாள்: "ஃபோசனில், ஸ்டோர்ஹேயா மலையில் துருவமான்களைக் கண்டீர்களா?" காற்றாலைக்காக இரண்டு குளிர்காலம் அங்கே வீதி வெட்டினேன், ஒரு மானையும் காணவில்லை என்றேன். எங்களால் ஒரு இடைஞ்சலும் இல்லை என்று காட்டத்தான். நீ தமிழில் மெல்லச் சொன்னாய்: "காற்றாலை வந்தா மான் வராது எண்டுதானே அப்பா இவையளும் கோட்டில சொன்னவை."

நான் சூப்பைக்கூடத் தராமல் திரும்பிப் போனேன். மன்னித்துக்கொள்.

அந்த மொட்டை வெளியில் காற்று பனியை வாரி விடும். அதனால்தான் மான்கள் பாசி கிண்டித் தின்ன அங்கே வரும். நாங்கள் போனதும் அதே காற்றுக்காகத்தான். எனக்கு அப்போது தெரியாது. எண்ணெயை விட்டுக் காற்றுக்கு மாறவேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் படித்து வந்து சொன்னவளும் நீதானே? உன் படிப்புக்குப் போனதும் அந்தச் சம்பளம்தான்.

ஒன்று கேட்கிறேன். அப்பப்பாவின் காணி 1990-க்குப் பிறகு இராணுவ வேலிக்குள் போன கதையை ஒலிபெருக்கியில் சொல்ல உனக்கு யார் அனுமதி தந்தது? அது என் காயம். வேலைத்தலத்தில் நடந்த சிலதை நானும் இங்கே எழுதமாட்டேன். வாசிப்பவர்களில் இன்னும் அங்கே வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள்.

2023 டிசம்பரில் தெற்கு ஃபோசன் மேய்ப்பர்கள் காற்றாலை நிறுவனத்தோடு உடன்பாட்டுக்கு வந்தார்கள், 2024 மார்ச்சில் வடக்கும். "கையெழுத்துப் போட்டுவிட்டார்களே, இனி என்ன?" என்று ஒருவர் சிரித்தார். வருடக்கணக்காக வழக்காடிக் களைத்தவன் போடும் கையெழுத்தை வலிகாமம் வடக்கில் பிறந்தவனுக்கு விளக்க வேண்டுமா? கோபம் வந்தது. ஆனால் வாய் திறக்கவில்லை.

வடக்கே ஃபின்மார்க்கில் இன்னொரு காற்றாலைக்கு வீதி வெட்டக் கூப்பிட்டார்கள். போன கிழமை மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அம்மாவுக்கு இன்னும் தெரியாது, நீ சொல்லாதே.

அப்புறம், அமைச்சு வாசலில் மானைப் பற்றிக் கேட்ட அந்தப் பிள்ளையின் பெயரை நான் அன்றைக்குக் கேட்கவே இல்லை.

அப்பா