உங்கள் வீட்டு ஜன்னலில் ஒரு காப்பித் தட்டு

திருச்சி
ஞாயிறு மாலை

அன்புள்ள கலா,

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறாதே என்று சொன்னால் கேட்க மாட்டாய், தெரியும்.

கும்பகோணத்து வீட்டை இடித்தபோது, விறகாகப் போக வேண்டாம் என்று நீ கொடுத்தனுப்பிய தேக்கு ஜன்னல் கதவுகள் இரண்டும் இத்தனை நாள் என் பரணில்தான் கிடந்தன. அதில் ஒன்றை அறுத்து ஒரு தட்டு செய்து முடித்துவிட்டேன்.

இவருக்காகத்தான் செய்தேன். கல்யாணமான நாளிலிருந்து எனக்குக் காலைக் காப்பி இவர் கையால்தான். போன வருஷத்திலிருந்து கை நடுங்குகிறது. எவர்சில்வர் தட்டில் டபரா வழுக்கிக்கொண்டே போகிறது. "நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்" என்றால் முகம் வாடிவிடுகிறது. காப்பியும் சிந்தக் கூடாது, அவர் கொண்டுவருவதும் நிற்கக் கூடாது. விளிம்பு உயர்ந்த, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடிக்கிற மாதிரி ஒரு தட்டு வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது.

முதலில் மரவாடியில் மாம்பலகை வாங்கிச் செய்தேன். நன்றாகக் காய்ந்தது என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். அடிப்பலகையைச் சுற்றிலும் கோந்து போட்டு ஒட்டினேன். ஐப்பசி மழையில் பலகை ஊதி ஒரு மூலையைப் பிளந்துவிட்டது. எங்கள் தெரு ஆசாரி பார்த்துவிட்டு, "மரம் நீளவாக்கில் அசையாதும்மா, அகலவாக்கில்தான் கூடும் குறையும். அதுக்கு வழி விடணும்" என்றார். இந்தத் தடவை நாலு சட்டத்திலும் உள்பக்கம் காடி (பலகை உட்காரும் நீளப் பள்ளம்) எடுத்து, அடிப்பலகையைக் கோந்தில்லாமல் அதில் சொருகிவிட்டேன். அகலப் பக்கம் இரண்டிலும் நூலளவு இடைவெளி இருக்கிறது. காடி இழைப்பதை மட்டும் ஆசாரியிடம் கொடுத்தேன், மற்றதெல்லாம் நானே.

உங்கள் கதவின் பச்சைப் பெயின்டை எடுக்கத்தான் பயந்தேன். பழைய பெயின்டில் ஈயம் இருக்கும். வீட்டுப் பெயின்டில் 90 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு, மேல் ஈயம் கூடாது என்ற விதியே 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதனால் உப்புத்தாள் போட்டுத் தூசி கிளப்பாமல், ஈரத்துணியால் நனைத்து நனைத்துச் சுரண்டினேன். முகமூடி போட்டுக்கொண்டு, மொட்டை மாடியில், கீழே செய்தித்தாள் விரித்து. நாலு நாள் ஆயிற்று. பச்சைக்கு அடியில் ஒரு நீலம் இருந்தது கலா! அந்த ஜன்னல் நீலமாக இருந்த காலம் உனக்கு நினைவிருக்கிறதா?

அளவு 18க்கு 12 அங்குலம். நீளச் சட்டம் ஒன்றரை அங்குல உயரம், கைப்பிடி வருகிற பக்கம் மூன்று. இவர் விரல்களைச் சேர்த்து வைக்கச் சொல்லி அளந்தேன், மூன்றே முக்கால் அங்குலம் வந்தது. அதனால் பிடித்துளையை நாலரை வைத்தேன். இரண்டு ஓரத்திலும் டிரில்லில் துளை போட்டு, நடுவைச் சின்ன ரம்பத்தால் அறுத்து, அரத்தால் உருட்டினேன். இந்த ஒரு வேலைக்கே ஒரு முழு நாள். கையில் எங்கும் விளிம்பு குத்தக் கூடாதில்லையா.

தேக்கில் எண்ணெய்ப் பசை அதிகம், கோந்து சரியாகப் பிடிக்காது. தின்னரால் துடைத்துவிட்டுத்தான் தடவினேன். சட்டத்தின் வெட்டுமுனையிலும் கோந்து நிற்காது என்பதால் மூலைக்கு இரண்டு மூங்கில் ஆணி. கிளாம்ப் இல்லை, கயிற்றைச் சுற்றி நடுவில் குச்சி விட்டு முறுக்கினேன். தட்டு கோணாமல் இருக்க, மூலைக்கு மூலை குறுக்கே டேப் பிடித்தால் இரண்டும் ஒரே அளவு, 21⅝ அங்குலம் வர வேண்டும். ஒரு பக்கம் கூடுதலாக இருந்தது. கோந்து இறுகுவதற்குள் அந்தப் பக்கத்தை அமுக்கிச் சரி செய்தேன்.

தேங்காய் எண்ணெய் பூசலாமா என்று போனில் கேட்டாய். அது காயவே காயாது, பிசுபிசுவென்று நின்று சிக்கு வாடை வரும். ஆளிவிதை எண்ணெய் காய்ந்து கெட்டியாகும். மெல்லிசாக மூன்று தடவை, ஒவ்வொன்றும் காயப் பல நாள் விட்டுப் பூசினேன். நீ பூசினால் ஒன்று மட்டும் மறக்காதே: துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதே. காயும்போது சூடேறித் தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போட்டு அப்புறம் எறி. அரக்கு பாலிஷ் பளபளக்கும்தான், ஆனால் சுடச்சுட டம்ளர் வைத்தால் வெள்ளை வளையம் விழும்.

இன்று காலை இரண்டு டபராவோடு இவர் வந்தார். தட்டு லேசாக ஆடியது. டபரா நகரவில்லை. வைத்துவிட்டுத் தட்டின் அடியைத் திருப்பிப் பார்த்தார். உங்கள் ஜன்னலின் கீல் ஆணித் துளைகளை அங்கே அப்படியே விட்டிருக்கிறேன்.

இன்னொரு கதவு மீதி இருக்கிறது. நாலு விரலையும் சேர்த்து வைத்து அகலம் அளந்து எழுது. உங்கள் வீட்டில் ஒரு நேரத்துக்கு எத்தனை டம்ளர் என்பதையும் சேர்த்து எழுது.

அன்புடன்,
உன் ராஜி